பாக்கியரத்தினம் டீச்சரின் இறங்கிப்போன புருவம்

புஸ்பராணியின் அழகு நிலையத்துக்கு முன்னால் கிடந்த நீள மரவாங்கில் பாக்கியரத்தினம் டீச்சர் வந்து குந்திய முதல் நாளே, வாசல்வரை வந்த பெண்கள் எல்லாரும் வந்த வழியே திரும்பிப் போனார்கள். டீச்சர் யாரையும் மறிக்கவில்லை, யாரையும் ஏசவில்லை. குடையை வாங்கோடு சாய்த்துவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவளை நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்.

"நானும் இங்கதான் பிள்ளை செய்தனான்."

வந்தவள் டீச்சரின் முகத்தைப் பார்ப்பாள். கண்ணுக்கு மேலே இடம் விடாமல் இரண்டு கரிய புருவங்களும் இமையில் வந்து குந்தியிருக்கும். இப்போதே யாருக்கோ அடி விழப்போகிறது என்கிற முகம். உடனே வந்தவளுக்கு அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வரும்.

இது நடந்தது சமாதானம் வந்த வருசம், இரண்டாயிரத்து இரண்டு. பாதை திறந்து, கப்பல் ஏறிப் போனவர்களும் விமானம் ஏறிப் போனவர்களும் திருகோணமலைக்குத் திரும்பி வந்து, விட்டுப்போன கலியாணங்களையெல்லாம் ஒன்றாகச் செய்துகொண்டிருந்த காலம். லிங்கநகரில் மணவறைக்காரருக்கு நித்திரை கிடையாது, சமையல்காரருக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. ஊரில் சும்மா இருந்த ஒரே ஆள் பெண் அலங்காரம் செய்கிற புஸ்பராணிதான். அவளுடைய வாங்கில் டீச்சர் இருந்தார்.

புஸ்பராணி இந்த வேலையைப் படித்தது பெய்ரூட்டில். படித்தது என்றால் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் வேலை பார்த்த வீட்டு மேடத்துக்கு முகத்தைப் பற்றிய கவலை அதிகம். மேடத்தின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு அழகுக் கடை கடையாகப் போய், மேடம் படுத்திருக்கிற நேரமெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். ஊருக்கு வரும்போது பேனை மாதிரி ஒரு குத்துகிற மெசினும் சில மைப்போத்தல்களும் கொண்டுவந்தாள். 'இங்கே நிரந்தரப் புருவம் எழுதப்படும்' என்று பலகையில் எழுதி வைத்தாள். சனம் வாசித்தது, சிரித்தது, நூலால் புருவம் எடுத்துக்கொண்டு போனது. துணிந்து வந்த முதல் ஆள் பாக்கியரத்தினம் டீச்சர். கடைசி ஆளும் அவர்தான்.

டீச்சருக்குப் பிறவியிலேயே புருவம் என்று சொல்லத்தக்கது கிடையாது. விடியவிடியப் பென்சிலால் எழுதுவார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நேவியின் சென்ட்ரி, சோதனைச் சாவடி. அங்கே வெயிலில் வரிசை. வரிசை நகர்ந்து டீச்சரின் முறை வருவதற்குள் வேர்த்து வடிந்து, புருவம் முகம் துடைக்கிற கைலேஞ்சிக்குப் போய்விடும். நேவிக்காரன் அடையாள அட்டையைப் பார்ப்பான், அதில் புருவம் இருக்கும். ஆளைப் பார்ப்பான், ஆளில் இருக்காது. இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டுவான். டீச்சர் சளைத்தவரில்லை. கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, அவர்களுக்கு முன்னாலேயே இரண்டு புருவத்தையும் எழுதி, "இப்ப சரியோ?" என்று கேட்பார். அவர்கள் அட்டையை இன்னொரு முறை பார்த்துவிட்டுத் தலையாட்டி விடுவார்கள். ஆனால் நாளும் இந்தக் கூத்தை ஆட யாரால் முடியும்? சமாதானத்துக்கு முந்தின வருசம் ஒரு நாள், குத்திவிடு பிள்ளை என்று வந்து புஸ்பராணியின் கதிரையில் சாய்ந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் துறைமுகப் பக்கம் வெடிக்கத் தொடங்கியது. யார் யாரைச் சுடுகிறார்கள், சுட்டுப் பழகுகிறார்களா, உண்மையாகவே அடிக்கிறார்களா, ஒன்றும் தெரியாது. கண்ணாடி அலுமாரி கடகடத்தது. குசினிக்குள் சீலை ஏணையில் கிடந்த புஸ்பராணியின் கைக்குழந்தை வதனி வீரிட்டாள். புஸ்பராணி மெசினைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், இன்னொரு நாளைக்குச் செய்வமோ?"

"இன்னொரு நாளைக்கு மட்டும் வெடிக்கமாட்டாங்கள் எண்டு ஆர் சொன்னது? நீ எழுது. எனக்கு நாளைக்கும் சென்ட்ரி தாண்டவேணும்."

குழந்தையை ஒரு கையால் ஆட்டிவிட்டு வந்து, மறு கையால் கோடு வரைந்து, வெடிக்கு வெடி இருவரும் துள்ளித் துள்ளி, ஒருமாதிரி வேலை முடிந்தது. முடிந்தபோது பார்த்தால் அச்சாப் புருவம்! ஊரே பார்த்து மெச்சியது. பக்கத்துத் தையல் கடை ரபீக்கா கூட வந்து பார்த்து, "எங்களுக்கு இது கூடாது. ஆனாலும் வடிவாத்தான் இரிக்கு" என்று வாய்விட்டுச் சொன்னாள். நேவிக்காரன்கள் அட்டையையும் ஆளையும் பார்த்துவிட்டுப் பேசாமல் விட்டார்கள்.

சமாதான ஒப்பந்தம் எழுதப்பட்டது மாசியில். அதற்குப் பிறகுதான் புருவம் கீழே இறங்கத் தொடங்கியது.

முதலில் டீச்சருக்கே தெரியவில்லை. வகுப்பில்தான் தெரிந்தது. டீச்சர் ஆயுள் முழுக்க முதலாம் வகுப்புத்தான் படிப்பித்தவர். அம்மாவின் சீலையை விடாமல் வருகிற சின்னனுகளை ஒரு கிழமையில் தன் சீலைக்கு மாற்றிவிடுகிற கெட்டிக்காரி. அந்த வருசம் பிள்ளைகள் டீச்சரைக் கண்டதும் குழறி அழுதன. டீச்சர் சிரித்தால் இன்னும் குழறின. அதிபர் இரண்டு தவணை பார்த்துவிட்டு, டீச்சரை எட்டாம் வகுப்புக்கு மாற்றிவிட்டார்.

"எட்டாம் வகுப்புப் பெடியள் என்னைக் கண்டால் மூச்சும் விடுறாங்களில்லை. அதிபருக்கு நல்ல சந்தோசம்" என்றார் டீச்சர், புஸ்பராணியின் கண்ணாடிக்கு முன்னால் நின்று. "எனக்கு என்ர சின்னனுகள் வேணும். நீ போட்ட மை வழியுது பிள்ளை."

"தோலுக்குள்ள போன மை எப்பிடி டீச்சர் வழியும்?"

"எப்பிடியெண்டு நீதான் சொல்லவேணும். தையில புது வகுப்புத் தொடங்க முதல் எனக்கு இதைத் திருத்தித் தா. இல்லாட்டி நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து உன்ர வாங்கில குந்துவன். நாளையிண்டைக்கும் குந்துவன்."

சொன்னபடியே குந்தினார்.

புஸ்பராணியும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பெய்ரூட் போத்தல்களில் ஒன்று தோல் நிற மை. பிழைத்த இடத்துக்கு மேலே அதைக் குத்தினால் பிழை மறைந்துவிடும் என்று மேடத்தின் கடைக்காரி சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள். நல்ல வேளையாக, இடது புருவத்தின் வால் நுனியில் ஒரு கடலை அளவுக்கு மட்டும் குத்திப் பார்த்தாள். அது யாருடைய தோல் நிறமோ, நிச்சயமாக லிங்கநகர்த் தோலில்லை. கறுத்தப் புருவத்தின் நுனியில் ஒரு சந்தனப் பொட்டு வைத்த மாதிரி வந்தது. அடுத்த நாள் தொடக்கம் சனம் டீச்சரைக் கண்டால், "கோயிலுக்குப் போட்டு வாறீங்களோ?" என்று கேட்டது. டீச்சர் அந்தக் கேள்வியையும் புஸ்பராணியின் கணக்கிலேயே எழுதினார்.

ஆவணிக் கலியாணங்களில் ஒன்றுகூட வரவில்லை. ரபீக்கா வந்து டீச்சரிடம் நயமாகக் கதைத்துப் பார்த்தாள். டீச்சர் அவளுக்குப் பக்கத்தில் இடம் விட்டு இருத்தி, தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, திரும்பவும் வாசலைப் பார்த்தார். புஸ்பராணியின் புருசன் இறக்கக்கண்டியில் வலைக்குப் போகிறவன். ஒரு நாள் சோறு தின்றபடி, "பெய்ரூட்டில அந்த மேடம் இப்பவும் ஆள் தேடுறாவோ?" என்று மெல்லக் கேட்டான். பெய்ரூட் என்றால் வதனியை விட்டுவிட்டுப் போகவேண்டும். போன முறை போய் வந்தபோது புஸ்பராணிக்குப் பிள்ளை இல்லை. இப்போது இருக்கிறது. அது காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. கடை மூடினால் பிள்ளை ஒரு கரை, அவள் ஒரு கரை. அந்த எண்ணத்தோடு அவள் டீச்சரின் புருவத்தை நாளும் பின்னேரம் வெறித்துப் பார்த்தாள். இரண்டு கோடுகளில் தன் பிள்ளையும் தன் பிழைப்பும் தொங்குகின்றன என்று நினைக்க அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

விடை தெரிந்தது ஒரு கனடா மாப்பிள்ளையால். அவனுடைய ஊர்வலம் லிங்கநகர் றோட்டால் போன பின்னேரம், வாங்கில் டீச்சர் ஒரு புதுப் பெண்ணைப் பிடித்துவைத்து, "நானும் இங்கதான்..." என்று தொடங்கியிருந்தார். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு கட்டுச் சீனவெடியைக் கொளுத்தி வீசினார்கள். டீச்சர் வாங்கை விட்டு ஒரு சாண் எழும்பினார். வாசலில் நின்ற புஸ்பராணி கண்டாள். டீச்சரின் நெற்றி சுருங்கி மேலே ஏற, புருவமும் கூடவே ஏறி, இருக்கவேண்டிய இடத்தில் போய் நின்றது. அதே அச்சாப் புருவம்! போன வருசம் ஊர் மெச்சிய அதே புருவம்! வெடி ஓய்ந்தது. டீச்சர் மூச்சுவிட்டார். புருவம் மெல்ல மெல்ல இறங்கி இமையில் குந்தியது.

"டீச்சர்!" என்று புஸ்பராணி கத்தினாள். "மை வழியேல்லை! முகம் வழிஞ்சிட்டுது!"

"என்னடி சொல்லுறாய்?"

"நான் எழுதின நேரம் நீங்கள் பயந்துகொண்டு இருந்தனீங்கள். புருவம் மேல ஏறி நிண்ட நேரம் பாத்து அதிலயே குத்திப்போட்டன். பிறகும் நீங்கள் பயந்தபடிதானே திரிஞ்சனீங்கள், அதால ஒருத்தருக்கும் தெரியேல்லை. இப்ப சமாதானம். முகம் இளகி இறங்கிட்டுது."

டீச்சர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். நெற்றியை உயர்த்திப் பார்த்தார். விட்டுப் பார்த்தார். இன்னொரு முறை உயர்த்தினார். புதுப் பெண் இந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து தப்பிவிட்டாள்.

"அப்ப என்ன செய்யலாம்?"

புஸ்பராணி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். "கொஞ்சம் பயந்தமாதிரியே இருந்து பாருங்கோவன், டீச்சர்."

டீச்சர் கண்ணாடியைப் பைக்குள் வைத்து, பையைப் பூட்டினார். "இவ்வளவு காலமும் பயந்தது உனக்குக் காணாதோ?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கேட்ட புஸ்பராணிக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அன்றைக்கே வேலை தொடங்கியது. பழைய கோட்டில் உப்புத் தண்ணீரைக் குத்திக் குத்தி, காய விட்டு, பொருக்கு உதிர விட்டு, திரும்பக் குத்தி, கார்த்திகை மழை தொடங்கும்போது பழைய புருவம் மங்கிச் சாம்பல் பூத்த நிழலாகிவிட்டது. சந்தனப் பொட்டு மட்டும் அசையவே இல்லை. இனி மேலே புதுப் புருவம் எழுதவேண்டியதுதான். ஆனால் இந்த முறை பயமில்லாத முகத்தில் எழுதவேண்டும். அங்கேதான் வந்தது வில்லங்கம்.

கதிரையில் சாய்ந்த உடனே டீச்சரின் நெற்றி மேலே ஏறியது.

"முகத்தை விடுங்கோ டீச்சர்."

"விட்டிட்டன்."

"இல்லை டீச்சர், இன்னும் தூக்கிக்கொண்டுதான் இருக்குது."

"இதுதான் பிள்ளை என்ர முகம்!"

தலைக்கு நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தாள். டீச்சர் அந்த எண்ணெய் எங்கே வாங்கியது, ஏன் மணக்கிறது என்று விசாரித்தார். நெற்றி இறங்கவில்லை. ரபீக்காவைக் கூப்பிட்டுப் பகிடி சொல்லவிட்டாள். டீச்சர் சிரித்தார், சிரிப்போடு புருவம் இன்னும் ஏறியது. சாப்பிட்டால் நித்திரை வரும் என்று ரபீக்கா வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்தாள். டீச்சர் வட்டிலப்பம் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, முன்னையிலும் உசாராகக் கண்ணை முழித்துக்கொண்டு கிடந்தார். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் உறுமியது. நெற்றி ஏறியது. எங்கோ ஒரு கதவு அடித்தது. நெற்றி ஏறியது.

ரபீக்கா வாசலில் சாய்ந்து நின்று இதையெல்லாம் பார்த்தாள். ஏறுவது நெற்றியென்றாலும் காரணம் காதுதான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அவளும் இந்த ஊர்க்காரிதானே.

"டீச்சர்," என்றாள், "நீங்க எந்த நேரமும் சத்தத்துக்குக் காது குடுத்துக்கொண்டு கிடக்கிறீங்க."

"குடுக்காமல்? வகுப்பில முப்பது பிள்ளையள் இருந்தால் ஆர் முதல்ல கேக்கிறது? நான் கேட்டாத்தானே அதுகளை மேசைக்குக் கீழ விடலாம்."

"சரி. இண்டைக்கு நீங்க கேக்கவேணாம். நான் இந்த வாசல்ல இருந்து கேக்கிறன். என்ன சத்தம் வந்தாலும் முதல்ல எனக்குத்தான் கேக்கும். ஏதும் எண்டா நான் உங்களை எழுப்புறன். நீங்க கண்ணை மூடுங்க."

டீச்சர் தலையைத் தூக்கி ரபீக்காவைப் பார்த்தார். "வடிவாக் கேப்பியோ?"

"அல்லாஹ் மேல ஆணையாக் கேப்பன்."

ரபீக்கா வாங்கைத் தூக்கி வாசலுக்குக் குறுக்கே போட்டு, முந்தானையைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, றோட்டைப் பார்த்துக் குந்தினாள். உண்மையாகவே கேட்டாள். மீன்காரன் கூவ வாயைத் திறந்ததும், திறந்த வாயோடு அவனை அடுத்த ஒழுங்கைக்குக் கலைத்துவிட்டாள். ஐஸ்கிறீம் வானை மறித்து மணியை நிற்பாட்டினாள். குரைக்க யோசித்த நாய்க்குச் செருப்பைக் காட்டினாள். மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் எஞ்சினை நிற்பாட்டி, ஏன் என்று தெரியாமலே உருட்டிக்கொண்டு போனான்.

உள்ளே டீச்சரின் நெற்றி முதலில் ஒரு நூல் அளவு இறங்கியது. பிறகு இன்னும் இறங்கியது. பிறகு எல்லாமே கட்டவிழ்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, ஒரு சின்னக் குறட்டை வந்தது. புஸ்பராணி அந்த முகத்தை அதற்கு முன் கண்டதே இல்லை. இவ்வளவு சாந்தமான ஒரு மனுசியை எல்லாரும் சேர்ந்து எங்கே ஒளித்து வைத்திருந்தோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கையை உதறி, மூச்சைப் பிடித்து, அந்த முகத்தில் கோடு வரைந்தாள்.

குத்துகிற நேரம் டீச்சர் விழித்துக்கொண்டார், ஏசவும் செய்தார். ஆனால் கோடு சரியான இடத்தில் விழுந்தாகிவிட்டது. தையில் அதிபர் புது முகத்தைப் பார்த்துவிட்டு முதலாம் வகுப்பைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கில் மணப்பெண்கள் வந்து இருந்தார்கள். பெய்ரூட்டைப் பற்றி வீட்டில் யாரும் திரும்பக் கதைக்கவில்லை. வதனி வளர்ந்து, தாயின் சீலையைப் பிடித்துக்கொண்டு போய், ஒரே கிழமையில் டீச்சரின் சீலைக்கு மாறினாள்.

டீச்சரின் புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது. சமாதானம்தான் இருந்த இடத்தில் இருக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு நாள் காலை, புஸ்பராணி ஒருத்திக்கு நூல் போட்டுக்கொண்டிருந்தபோது, குடாவுக்கு அக்கரையில், கட்டைபறிச்சான் பக்கம், நிலம் அதிர வெடிக்கத் தொடங்கியது. அலுமாரிக் கண்ணாடி கடகடத்தது. புஸ்பராணி பல்லில் கடித்த நூலோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். ஒரு செருப்பு எங்கோ கழன்றது. குழந்தைகள் குழறுகிற சத்தம் இப்போது கேட்கும், இப்போது கேட்கும் என்று காதைக் கொடுத்தபடியே ஓடினாள். முதலாம் வகுப்பு வாசலில் போய் நின்றாள்.

உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகள் எல்லாரும் மேசைகளுக்குக் கீழே. நடுவில் டீச்சர் நிலத்தில் சப்பணமிட்டு இருந்தார். அக்கரையில் இன்னொன்று வெடித்தது. டீச்சரின் நெற்றி ஏறியது. ஆறின முகத்துக்கென்று அளந்து எழுதிய புருவம் இரண்டும் சந்தனப் பொட்டையும் இழுத்துக்கொண்டு மயிர் தொடங்குகிற இடம்வரைக்கும் ஓடிப்போய் நின்றன. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள்.

"டீச்சர், இன்னொருக்கா!" என்றான் ஒருவன்.

"அது என்ர கையில இல்லையடா ராசா" என்றார் டீச்சர்.

புஸ்பராணி குனிந்து தவழ்ந்து போய் வதனியை மடியில் இழுத்துக்கொண்டாள். வதனி தாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த வெடிக்கு டீச்சரின் முகம் என்ன ஆகும் என்று ஆவலோடு காத்திருந்தாள். புஸ்பராணி பல்லில் இன்னும் கிடந்த நூலைத் துப்பினாள்.

"மேல போகுது டீச்சர்," என்றாள். "சத்தம் அடங்கினபிறகு வாங்கோ. கொஞ்சம் இறக்கி விடுறன்."

"தொட்டுப்பார். அடுத்த நாளே உன்ர வாங்கில வந்து குந்துவன்."

பயந்தடித்து ஓடிவந்த மற்றத் தாய்மார் வாசலை நிறைத்து நின்றார்கள். சிரிக்கிற பிள்ளைகளைப் பார்த்தார்கள், டீச்சரின் புருவத்தைப் பார்த்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. டீச்சர் தலையை நிமிர்த்தி, மேசைக்குக் கீழே இருந்த புஸ்பராணியைக் கையால் காட்டினார்.

"நான் இவளிட்டத்தான் செய்தனான்."